முன்னூறு மீட்டர் தள்ளி

ஞாயிறு ஆராதனை முடிந்து, சர்ச்சுக்குக் கட்டிய வெள்ளைப் புடவையைக்கூட மாற்றாமல் ஜெபசெல்வி கிளம்பிவிட்டாள். ஆர்.கே.பேட்டை போகும் டவுன் பஸ்ஸில் ஏறி, திருத்தணி மலை சின்னதாகத் தெரியும் ஓர் ஏரிக்கரை நிறுத்தத்தில் கணவனும் மனைவியும் இறங்கினார்கள். வழி நெடுக இஸ்ரேல் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன வந்து விழும் என்று அவனுக்கே பயம்.

இஸ்ரேல் ஆடும் டப்பா தேடும் விளையாட்டு ஒன்றும் பெரிதல்ல. ஒருவர் சின்ன டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் ஜி.பி.எஸ். எண்களைச் செயலியில் போடுவார். மற்றவர்கள் ஃபோனில் அம்புக்குறியையும் மீட்டரையும் பார்த்தபடி போய்த் தேடி, டப்பாவுக்குள் இருக்கும் நோட்டில் பேரும் தேதியும் எழுதிவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும். ஊரில் இந்தப் பைத்தியம் இஸ்ரேலுக்கும், ஜெபசெல்வியின் தம்பி சுந்தர்சிங்குக்கும்தான். பூங்கா, ஏரிக்கரை, மலையடிவாரம் என்று இவன் ஒளிப்பான், அவன் தேடுவான்.

இரண்டு மாதத்துக்கு முன் சுந்தர்சிங் போன் செய்தான். "பாவா, டப்பா கெடைக்கல. ஒரே முள்ளா கீது. நம்பர் சரிதானா?"

யாராவது அப்படிக் கேட்டால் ஒளித்தவன் உடனே எண்ணைச் சரிபார்க்க வேண்டும். விளையாட்டின் முதல் ஒழுங்கே அதுதான். இஸ்ரேல் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாம் சரியாத்தான் போட்டுகிறேன். உள்ள போய் நல்லா தேடு," என்றான்.

சுந்தர்சிங் நல்லாத்தான் தேடினான். மறுநாள் அவனைப் பாழடைந்த கல்குவாரிக் குட்டையிலிருந்து எடுத்தார்கள். செல்ஃபி எடுக்கப் போய் விழுந்தான் என்று ஊர் பேசியது. இஸ்ரேலும் ஆமாம் போட்டான். அடக்கம் முடிந்த அன்றுதான் செயலியைத் திறந்து பார்த்தான். இரண்டு போட வேண்டிய இடத்தில் ஐந்து. டப்பாவைவிட்டு முன்னூறு மீட்டர் தள்ளி. சத்தமில்லாமல் திருத்தினான். துக்கத்தைவிட மாட்டிக்கொள்ளாத நிம்மதிதான் அன்று அவனுக்குப் பெரிதாக இருந்தது.

தம்பி கடைசியாகத் தேடிய டப்பாவை ஒரு முறையாவது கையில் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று ஜெபசெல்வி பிடிவாதம் பிடித்தாள். எத்தனை நாள்தான் தட்டிக்கழிப்பான்?

கரைமேல் ஏறியதும் அவள் நின்றாள். "இன்னாங்க, உங்க ஃபோனு இந்தப் பக்கம் காட்டுது. என்னுது குவாரி பக்கம் காட்டுது?"

"உனக்கேது நம்பரு?"

"தம்பி பைபிள் பின்னாடி எழுதி வெச்சிருந்தான்."

"உன் ஃபோனு பழசு. வா."

வெயில் சுள்ளென்று அடித்தது. பனைமரத்தடியில் அடுக்கிய கற்களை நகர்த்தி இஸ்ரேல் டப்பாவை எடுத்தான். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. திறந்ததும் பாசி பிடித்த தண்ணீரின் நாற்றம் மூக்கில் ஏறியது.

நோட்டு நனைந்திருந்தது.

முதல் பக்கத்தில் சுந்தர்சிங்கின் கையெழுத்து. அதற்குக் கீழே தேதி.

இன்றைய தேதி.

விரல் பட்டதும் மை இழுபட்டது. அவள் பார்ப்பதற்குள் மூடிவிட வேண்டும் என்று நினைத்தானே தவிர, யார் எழுதியது என்று நினைக்கக்கூட அவனுக்குத் துணிவில்லை. மூடிவிட்டு நிமிர்ந்தான்.

ஜெபசெல்வி அங்கே இல்லை.

வேலிக்காத்தான் முள்ளுக்கு நடுவே, தூரத்தில் வெள்ளைப் புடவை போய்க்கொண்டிருந்தது. இஸ்ரேல் ஓடினான். செருப்பு அறுந்தது, கையெல்லாம் முள் கிழித்தது. குவாரியின் விளிம்பில், ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் அடியெடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"செல்வி! நில்லு!"

"இன்னும் நாலு மீட்டர்தாங்க," என்றாள், தூக்கத்தில் பேசுகிறவள் போல. "'வாக்கா, வாக்கா'ன்னு தம்பி கூப்ட்டுகினே இருக்கான்."

அவளுக்கு முன்னால் இரண்டு மீட்டருக்குத்தான் தரை இருந்தது. ஓடிப்போய்ப் பிடிக்க நேரமில்லை.

"போவாத! அது தப்பு நம்பரு! நான்தான் தப்பா போட்டேன்!"

கால் நின்றது. அவள் திரும்பினாள். கண்ணில் தூக்கம் இல்லை.

"அவன் போன் பண்ணி கேட்டானா?" என்றாள் மெதுவாக.

"ஆங்."

"நீ இன்னா சொன்ன?"

பதினோரு வருடத்தில் அவள் அவனை 'நீ' என்றது அதுதான் முதல் முறை. அவன் சொன்னான். ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். அவள் அழவில்லை, அடிக்கவில்லை. அவனைத் தொடாமல் விலகி நடந்தாள். ரோட்டுக்கு வந்து, அந்த வழியாகப் போன ஆட்டோவை நிறுத்தி, கனகம்மாசத்திரத்தில் இருக்கும் அம்மா வீட்டின் அடையாளம் சொல்லி ஏறிக்கொண்டாள்.

"பின்னாடி வராத," என்றாள். அவ்வளவுதான்.

நிறுத்தத்தில் உட்கார்ந்து இஸ்ரேல் அந்த டப்பாவின் பதிவைச் செயலியிலிருந்து அழித்தான். பதிவு போய்விட்டது. அம்புக்குறி போகவில்லை. குவாரியைக் காட்டியபடி நின்றது.

இருநூற்று எண்பது மீட்டர்.

அவன் அசையவில்லை. எண் அசைந்தது.

இருநூறு. தொண்ணூறு. முப்பது.

பக்கத்தில் பூக்காரி ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இன்னா இது, குட்ட நாத்தம் நாறுது?"

வந்த பஸ்ஸில் விழுந்தடித்து ஏறி, கடைசி சீட்டில் பின்தகரத்தோடு முதுகை ஒட்டிக்கொண்டான். பஸ் வேகமெடுத்தது. ஏரி மறைந்தது, திருத்தணி மலை பெரிதானது. இனி எண் ஏறியாக வேண்டும் என்று ஃபோனைப் பார்த்தான்.

ஒரு மீட்டர்.

ரயிலடி தாண்டியும் ஒரு மீட்டர். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட பிறகும் ஒரு மீட்டர்.

பிடரியில் ஈரமாக மூச்சு பட்டது.

"பாவா, இப்ப நம்பர் சரிதானா?"