இடப்பக்கம் முறுக்கிய சும்மாடு

"அக்கா! எத்தனை தடவ சொல்றது? அந்தத் துண்டைத் தோள்ல போடாதீங்கன்னு! பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

கப்பல் அறைக்குள் விடிந்ததும் விடியாததுமாகக் கோமளாவின் குரல் சீறியது. வேலாயி துண்டை இடுப்பில் செருகிக்கொண்டாள். குழந்தை ஜெயாவின் பால் புட்டி, மாற்றுத் துணி, ரொட்டி எல்லாவற்றையும் கூடையில் அடுக்கினாள்.

"யாராச்சும் கேட்டா ஆயான்னு சொல்லுங்க. நேத்துச் சாப்பாட்டு மேசையில இவரே அப்படித்தானே சொன்னாரு... இப்ப மாத்திச் சொன்னா அசிங்கம்லா."

கோமளாவின் கணவன் தனபாலன் கண்ணாடி முன் டை கட்டிக்கொண்டிருந்தான். காதில் விழாமல் இல்லை. திரும்பவில்லை, அவ்வளவுதான்.

அவனுடைய அண்ணன் மருதமுத்து மரம் சாய்ந்து செத்தபோது தனபாலன் அரைக்கால்சட்டைப் பையன். அண்ணன் மனைவி வேலாயி மறுகல்யாணம் வேண்டாமென்று உதறிவிட்டு, செர்காம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவி அவனைப் படிக்க வைத்தாள். பிறகு காட்டுக்குள் ஒளிந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசின் அவசரகாலம் வந்தது. லயன் வீடுகளைச் சுற்றி முள்வேலி. காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்விடுமென்று ஒரு பிடி அரிசி வாசலைத் தாண்டக்கூடாது. ஒருநாள் வேலைக்குப் போகும் நேரத்தில் நடந்த சோதனையில், வேலாயியின் தலையில் சுமைக்காகத் துண்டை முறுக்கி வைத்திருந்த சும்மாடு, சோதித்தவன் கைக்கு உறுத்தியது. இங்கிலீஷ் தெரிந்த பையன் என்று தனபாலனைக் கூப்பிட்டுப் பிரிக்கச் சொன்னார்கள். தோட்டமே பார்த்து நிற்க, அவன் பிரித்தான். அரிசி மண்ணில் கொட்டியது. வேலாயி வாய் திறக்கவில்லை. ஜெயிலுக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது 'அண்ணி' என்ற சொல் அவன் வாயை விட்டுப் போயிருந்தது. "இந்தாங்க", "கேக்குதா" என்பதோடு சரி. அந்த ஒரு சொல் திரும்ப வருமென்றுதான் அதே தோட்டத்துக் கோமளாவைக் கட்டி அவன் குடியேறிய தெங்கேரா வீட்டில் அவள் சட்டி கழுவினாள். இங்கிலாந்தில் ஆசிரியர் பயிற்சிக்கு அவன் குடும்பத்தோடு புறப்பட்டபோது, பிள்ளை பார்க்க ஆள் வேண்டுமென்றதும் கப்பலேறினாள். வெட்கம் கெட்ட ஆசை என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் விடவில்லை.

கிரேக்கத் துறைமுகத்தில் கப்பல் ஒரு பகல் நிற்கும். பயணிகளை பஸ்ஸில் ஏற்றி, பழைய கோயில்கள் இடிந்து கிடக்கும் குன்றுக்குக் கொண்டுபோனார்கள். அடிவாரத்தில் எள் தூவிய வளைய ரொட்டி விற்ற கிழவி, ஜெயாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு "தூ, தூ" என்று துப்புவதுபோல் செய்தாள்.

வேலாயி பூரித்துப் போனாள். "கண்ணு படும்னு இங்கயும் துப்புறாங்க பாரு!"

"மெதுவா பேசுங்கக்கா! தோட்டக்காட்டுப் பழக்கம்..."

மேலே, ஒரு கோயிலின் பக்கவாட்டில், கல்லில் செய்த பெண்கள் வரிசையாக நின்றார்கள். கூரை முழுவதும் அவர்கள் தலைமேல். வேலாயி குழந்தையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"அடியாத்தே... சும்மாடு வச்சிருக்காங்களே!"

"அது தூணோட மேல்பாகம்," என்றான் தனபாலன், யாரையும் பார்க்காமல்.

கோமளாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நைலான் சேலையும் கைப்பையும் ஒரு கணம் மறந்துபோயின. "இல்லீங்க, அக்கா சொல்றது சரிதான்லா! ஆனா முறுக்கைத்தான் காணோம். இப்படி இருக்கணும்!" வேலாயியின் இடுப்புத் துண்டை உருவினாள். இடக்கையால் முறுக்கினாள், சுற்றினாள், நுனியை இழுத்துச் செருகினாள். கண்மூடித் திறப்பதற்குள் சும்மாடு தயார்.

தனபாலன் அதைக் கையில் வாங்கிப் பிரிக்கப் பார்த்தான். பிரியவில்லை. இறுகியது.

அவன் விரல்களுக்கு அந்த இறுக்கம் தெரியும். அன்று தோட்டத்து வாசலில், அத்தனை பேர் நடுவில், வழக்கமாகப் பிரிக்கும் பக்கம் திருகத் திருக இறுகியது... அவசரத்தில் கை பிசகியதால்தான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தான்.

"அண்ணி வலப்பக்கம்தானே முறுக்குவாங்க..." என்று முணுமுணுத்தான். அந்தச் சொல் வந்தது அவனுக்கே தெரியவில்லை. வேலாயிக்குத் தெரிந்தது. அவன் மனைவி பக்கம் திரும்பினான். "கோமளா! அன்னிக்கு அந்தச் சும்மாடு யாருது?"

கோமளாவின் முகத்தில் ரத்தமில்லை. உடைந்த கல்லொன்றின்மேல் சரிந்து உட்கார்ந்தாள்.

"எங்கண்ணன் காட்டுல பசின்னு சொல்லியனுப்பினான்ங்க... என்னை விடாம சோதிப்பாங்கன்னு தெரியும். 'உங்க துண்டு நனைஞ்சிருக்கு, இதை வச்சிக்குங்கக்கா'ன்னு நான்தான்... வேலியத் தாண்டினதும் வாங்கிக்கலாம்னு! அவங்களுக்கு ஒன்னுமே தெரியாதுங்க!"

"அரிசி கொட்டுனப்பவே தெரியும் புள்ள," என்றாள் வேலாயி.

தனபாலன் அதிர்ந்தான். "தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"சொன்னா வெள்ளக்காரன் இவ குடும்பத்தையே கப்பலேத்தி இந்தியாவுக்குத் துரத்தியிருப்பான். இவளப் பாக்குறதுக்கு நீ குழாயடிக்கும் லயத்துக்கும் நடந்தது எனக்குத் தெரியாதா?" குரல் அதுவரை நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் உடைந்தது. "ஜெயில் எனக்கு வலிக்கல தம்பி. ஒரே ஒரு தடவ... 'ஏன் அண்ணி'ன்னு நீ கேட்டிருக்கலாம்!"

அவன் அவள் காலில் விழப் போனான். கையிலிருந்த குழந்தையை அவனிடம் நீட்டித்தான் தடுக்க முடிந்தது. கோமளா அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு கதறினாள். வேலாயி உடனே தட்டிக்கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அழவிட்டாள். பிறகு கை தானாகவே அந்தத் தலைக்குப் போனது.

உடன் பயணித்த வெள்ளைக்காரி ஒருத்தி ஓடிவந்தாள். உங்கள் ஆயாவுக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டாள்.

"ஆயா இல்லை," என்றான் தனபாலன், எல்லாருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில். "என்னை வளர்த்தவர். என்..." அதற்கு மேல் அந்த மொழியில் அவனுக்குச் சொல் கிடைக்கவில்லை. தமிழிலேயே சொன்னான். "அண்ணி."

குன்றிலிருந்து இறங்கும் நேரத்தில் வேலாயி கூடையைத் தேடினாள். காணவில்லை. கோமளா நைலான் முந்தானையை வரிந்து கட்டி, இடப்பக்கம் முறுக்கிய சும்மாட்டைத் தலையில் வைத்து, அதன்மேல் கூடையை ஏற்றியிருந்தாள்.

"ஐயோ, இறக்கு புள்ள! எல்லாரும் பாக்குறாங்க!"

"பாக்கட்டும்லா."

கப்பல் பயணிகள் அத்தனை பேர் நடுவிலும் அவள் கூடையைப் பிடிக்காமல் கை வீசி நடந்தாள், கூடை ஆடவில்லை. பின்னால் வேலாயி, சும்மா கிடக்கும் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல், இறங்கிக்கொண்டிருந்தாள்.