ஆளில்லாத ஊற்று

"கைய மட்டும் விட்டுப்போடாதீங்க. அப்பறம் வேற எவளையாவது கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிருவீங்க" என்றாள் பொற்கொடி. பிறகு காதுக்குப் பின்னால் தட்டித் தன் கண்சில்லில் ஆள்மறைப்பைப் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன். அவளுக்கு நானும் எனக்கு அவளும் மறைந்தோம்.

வண்ண ஊற்றுக்கு வருகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான் அது. எங்கள் குடியேற்றக் கோளில் அழகான இடம் அது ஒன்றுதான், கூட்டம் நெரியும். சில்லு மற்ற மனித உருவங்களை அழித்து, அந்த இடத்தில் பாறையையும் ஆவியையும் நிரப்பும். பேச்சையும் வடிகட்டும். மிஞ்சுவதைத்தான் பதியும். கூட வந்தவருக்கு விலக்குக் கொடுக்கலாம். யாரும் கொடுப்பதில்லை. ஆள் விழுந்த படத்தைச் சுவரில் மாட்ட முடியுமா?

ஊற்று பீறிட்டது. அடியில் பச்சை, நடுவில் கந்தக மஞ்சள், உச்சியில் செம்பு நிறம். பிறகு பக்கத்து வெந்நீர்க் குட்டையில் கால் நனைத்து உட்கார்ந்தோம். அவளும் உட்கார்ந்தது கைப்பிடியில்தான் தெரிந்தது.

மறுநாள் விடியுமுன் அவள் இதயம் நின்றுவிட்டது.

ஊற்றைப் பார்த்தபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டியிருந்தது. என் பதிவில் அவள் இல்லை. ஊற்று நிலையத்துப் பதிவகத்துக்குப் போனேன். அங்கிருந்த அல்போன்சா என்ற பெண் வெகுநேரம் தேடினாள்.

"ஐயா, அன்னிக்கு வந்தவங்க பதிவு எதுலயும் ஒருத்தர்கூட இல்ல."

"தோளோட தோள் இடிச்சுக்கிட்டு நின்னோமேம்மா."

"நின்னிருப்பீங்க. எல்லாருமே தனியாப் பாக்கத்தானே வந்திருக்காங்க."

"உங்க கேமரா?"

"அது விளம்பரத்துக்கு வச்சதுங்கய்யா. அதுலயும் ஆள்மறைப்புதான்."

துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் இருந்த ஊற்றுப் படத்தின் முன் நின்றுவிட்டார். "ஒரு ஆளுகூட விழாம எடுத்திருக்கீங்களே. குடுத்து வெச்சவங்க" என்றார். ஆமாம் என்றேன்.

குட்டையில் உட்கார்ந்திருந்த பதிவை மட்டும் அடிக்கடி ஓடவிடுகிறேன். என் கால்கள் நீருக்குள் அசையாமல் இருக்கின்றன. சில்லுக்கு மனிதரை அழிக்கத்தான் தெரியும், தண்ணீரை அழிக்கத் தெரியாது. என் இடப்பக்கம், யாருமே இல்லாத இடத்திலிருந்து, சிறு சிறு நீர்வளையங்கள் வந்துகொண்டே இருக்கின்றன.