ஒரே ஒரு சிசி வித்தியாசம்

செல்போன் அலறியது.

காலை ஏழு மணி பத்து நிமிடம். இன்ஸ்பெக்டர் கோதண்டபாணி பச்சைப் பொத்தானை அழுத்துவதற்குள் இரண்டு முறை விரல் வழுக்கியது.

"ஐயா... ஏட்டு கொளஞ்சி பேசுறேன்."

"சீக்கிரம் சொல்லுய்யா. யாரு ஜெயிச்சது?"



"பொணம் கெடக்குதுங்க ஐயா."

"எத்தினி?"

"ரெண்டு. ஒண்ணு செவப்பு, ஒண்ணு நீலம். இன்னொண்ணு சொல்லணும்... ரெண்டு பேருக்கும் முதுகுல கூன் இருக்குதுங்க."

கோதண்டபாணி தட்டுத் தடுமாறி ஜீப்பில் ஏறினார். இருபத்தாறு வருட சர்வீஸில் அவர் பார்க்காத பிணம் இல்லை. ஆனால் இந்த இரண்டும் அவருடைய மாப்பிள்ளைகள்.

ஒரே ஒரு பெண்ணைப் பெற்றவருக்கு இரண்டு மாப்பிள்ளைகள் எப்படி என்று கேட்பீர்கள். அந்தக் கூத்தைத்தான் முதலில் சொல்லியாக வேண்டும்!

இது 2010-ஆம் வருடத்துத் தை மாதம். கோதண்டபாணியின் மகள் அருணா விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிறாள். அவளை இரண்டு இடத்தில் கேட்டார்கள். ஒருவன் திண்டிவனத்து அரிசி ஆலைக்காரர் மகன் மணிமாறன். இன்னொருவன் விழுப்புரத்து பஸ் முதலாளி மகன் சுதாகர். ஜாதகம் பார்த்ததில் இருவருக்குமே பத்துக்கு எட்டுப் பொருத்தம். இருவரின் அப்பாக்களுக்கும் மேலிடத்தில் செல்வாக்கு. யாருக்கு இல்லை என்று சொன்னாலும், மறுவாரமே கோதண்டபாணி கன்னியாகுமரிப் பக்கம் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஆகவே அவர் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை.

இருவருக்கும் சரி என்று சொல்லிவிட்டார்...

பத்திரிகை அடிக்கும் நாள் நெருங்கியது. மாப்பிள்ளையின் பெயர் வரவேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது. அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்கள். மணிமாறன் வந்தது சிவப்பு யமஹா ஆர் ஒன் பைக்கில். சுதாகர் வந்தது நீல ஹோண்டா சிபிஆரில். தெருவில் இருந்த நாய்கள் அன்று முழுவதும் திரும்பி வரவில்லை.

வந்தவர்கள் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"நூத்தி எண்பது குதிரை சக்திங்க மாமா," என்றான் மணிமாறன்.

"என் வண்டி ஏழு கிலோ எடை கம்மிங்க மாமா. சுமை கொறஞ்சா குதிரைக்குத்தான லாபம்?" என்றான் சுதாகர்.

"என்னுது தொள்ளாயிரத்தித் தொண்ணூத்தெட்டு சிசி."

"என்னுது தொள்ளாயிரத்தித் தொண்ணூத்தி ஒம்போது."

அந்த ஒரே ஒரு சிசி-க்காக நடு ஹாலில் கைகலப்பு வரப் பார்த்தது. கோதண்டபாணி லத்தியை எடுத்து வந்து நடுவில் உட்கார்ந்தார். அதன்பிறகு மூன்று மணி நேரம் பிரேக்கைப் பற்றி மட்டும் பேசினார்கள். எந்த பிரேக் எத்தனை அடியில் நிறுத்தும், எந்தத் தட்டு எவ்வளவு அகலம், யார் எந்த வளைவில் எந்த விரலால் பிடித்தார்கள்... கோதண்டபாணிக்குக் கொட்டாவியில் தாடை சுளுக்கியது.

காபி கொண்டுவந்த அருணா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பின்னாடி உக்கார்றவங்களுக்கு எந்த வண்டி சவுகரியம்?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று முதல்முறையாக ஒற்றுமையாகச் சிரித்தார்கள். அந்த வண்டிகளின் பின்சீட்டு பள்ளிக்கூடச் சிலேட்டு அளவு. உயரமோ பரண் அளவு. அது சும்மா பேருக்கு வைத்தது என்றான் சுதாகர். மணிமாறன் தன்னுடையதைக் கழற்றியே வைத்துவிட்டானாம். கோதண்டபாணியும் சேர்ந்து சிரித்தார். அருணா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பந்தயம் ஓட்டிப் பார்த்து முடிவு தெரியட்டும் என்று அவர்களே ஏற்பாடு செய்துகொண்டார்கள். தோற்றவன் பெண்ணை விட்டுவிட வேண்டும், ஜெயித்தவன் பெயர் பத்திரிகையில் ஏறும். கோதண்டபாணிக்குத் தலையிலிருந்து அம்மிக்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இனி யாரும் தன்மேல் பழி போட முடியாது! அருணாவை ஒரு வார்த்தை கேட்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. சட்டையில் ஒட்டிய தூசியைப் போல அதைத் தட்டிவிட்டார்.

இடத்தையும் அவரே பிடித்துக் கொடுத்தார். விழுப்புரம் போகிற வழியில் புதிதாகப் போட்டு இன்னும் திறக்காத ஒரு புறவழிச்சாலை. பதினொரு கிலோமீட்டர். ஈ, காக்காய் கிடையாது. ஸ்டேஷனில் இருந்த அத்தனை பேரையும் காவலுக்கு நிறுத்தினார். முடிகிற இடத்தில் கொளஞ்சி சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு நின்றான்.

கிளம்புகிற இடத்தில் அவரோடு மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு போட்டியாளர்கள், அப்புறம் மெக்கானிக் பூவரசன். விக்கிரவாண்டியில் பட்டறை வைத்திருப்பவன். சிவப்புக்கும் நீலத்துக்கும் அவன்தான் வைத்தியம் பார்ப்பவன். கோதண்டபாணி வீட்டு ஸ்கூட்டரையும் மாதத்துக்கு இரண்டு தடவை வந்து பழுது பார்ப்பான். ஓடுகிற ஸ்கூட்டருக்கு ஏன் இத்தனை பழுது என்று கோதண்டபாணி இதுவரை யோசித்ததில்லை.

பந்தய நாள் காலை ஆறரை மணிக்கு டயர்களில் காற்று சரிபார்த்துவிட்டு, அவன் தன் பழைய மொபெட்டைக் கிளப்பினான். தடுப்புக்குப் பக்கத்தில் காத்திருந்த ஒரு பெண் பின்னால் ஏறிக்கொண்டாள். நம்மூர் வெயிலுக்குப் பெண்கள் கட்டுவது போல முகத்தைச் சுற்றித் துப்பட்டா.

"யாருய்யா பின்னாடி?" என்றார் கோதண்டபாணி.

"வூட்டுக்காரங்கதாங்க ஐயா. திருவாமாத்தூர் கோயிலுக்குப் போய்க்கினு இருக்கோம்."

மொபெட்டின் பின்பக்கத்தை அப்போதுதான் கவனித்தார். புத்தம்புது மெத்தை. சாய்ந்துகொள்ள ஒரு பிடி. கால் வைக்க இரண்டு பக்கமும் பலகை. கட்டியவளை எவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறான் என்று மனசுக்குள் மெச்சினார். தடுப்பைத் தன் கையாலேயே நகர்த்தினார். பத்திரமாகப் போங்கள் என்றும் சொன்னார். அந்தப் பெண் திரும்பி அவரைக் கைகூப்பிக் கும்பிட்டாள். நல்ல குடும்பத்துப் பெண் என்று நினைத்துக்கொண்டார்.

ஏழு மணிக்கு விசில் ஊதினார்.

ஏழு பத்துக்கு செல்போன் அலறியது...

ஜீப் போய் நின்றது. கோட்டைத் தாண்டி அரை கிலோமீட்டர் தள்ளி, சாலை முழுக்கக் கேப்பைக் கதிர் பரப்பியிருந்தது. முழங்கால் உயரம். முன்னால் எச்சரிக்கைக்கு நான்கு கருங்கல்லும் ஒரு சிவப்புத் துணியும். கதிருக்கு நடுவே இரண்டு உடல்கள் குப்புறக் கிடந்தன. சிவப்பு வண்டி இடது பக்கத்து வயலில், நீல வண்டி வலது பக்கத்து வயலில்.

முதுகில் கூன் இருந்தது நிஜம்தான். பந்தயத் தோல் உடுப்பில் காற்றைக் கிழித்துப் போக அப்படி ஒரு திமில் வைத்துத் தைப்பார்கள். கொளஞ்சி பாவம், விழுந்த வேகத்தில் முளைத்ததாக்கும் என்று நினைத்துவிட்டான்.

கோதண்டபாணி மண்டியிட்டார். இரண்டு அப்பாக்களிடம் என்ன சொல்வது? மேலதிகாரியிடம் என்ன சொல்வது? எல்லாவற்றையும் விட, கல்யாணத்துக்கு முன்பே இரண்டு மாப்பிள்ளைகளைப் பறிகொடுத்த பெண் என்று ஊர் அருணாவைச் சொல்லுமே... அந்த நினைப்பில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

சிவப்பு ஹெல்மெட்டைக் கழற்றினார்.

பிணம் கண்ணைத் திறந்தது.

"மாமா... நான்தான முன்னாடி?"

நாலு அடி தள்ளி நீலப் பிணம் தலையைத் தூக்கியது.

"நான்தாங்க மாமா மொதல்ல விழுந்தேன். மொதல்ல விழுந்தவன்தான முன்னாடி போனவன்?"

"நான் அறுபது அடி வழுக்கிக்கினு போனேன்டா."

"நான் எழுபது. அளந்து பாரு."

கொளஞ்சி டேப்பை எடுத்துவிட்டான். கோதண்டபாணி அதைப் பிடுங்கி வயலில் எறிந்தார். கோட்டை முதலில் தாண்டியது யார் என்று கேட்டார். இரண்டும் சேர்ந்தே வந்தன என்றான் கொளஞ்சி. கொஞ்சம் நெருக்கிக் கேட்டதும், பயத்தில் கண்ணை மூடிக்கொண்டதாக ஒப்புக்கொண்டான். தாண்டிய பிறகும் இருவரும் வேகத்தைக் குறைக்கவில்லை. முதலில் பிரேக் பிடிப்பவன் பயந்தாங்கொள்ளி ஆகிவிடுவானாம்!

இரண்டு பேருக்கும் எலும்பு முறியவில்லை. கேப்பை மெத்தை காப்பாற்றியிருந்தது. உயிர் பயம் போனதும் கோதண்டபாணிக்குப் போலீஸ் புத்தி திரும்பி வந்தது. நேற்று மத்தியானம் வரை சுத்தமாக இருந்த சாலை இது. இங்கே கதிரைக் கொட்டியது யார்? இது கொலை முயற்சி! யார் மேலாவது பழியைப் போட்டால்தான் தன் தொப்பி தப்பும் என்பதும் அவருக்குத் தெரிந்தது.

குற்றவாளியைத் தேட வேண்டியே இருக்கவில்லை. பத்தடி தள்ளி நின்று முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து ஊர் அம்சவள்ளி. சொந்தமாக ஒரு ஏக்கர் கேப்பை.

"இது இன்னா வேலைம்மா? ரெண்டு உயிர் போயிருக்கும்."

"போவலியே ஐயா. கல்லு வெச்சேன், துணி கட்டனேன். கண்ணு தெரிஞ்சவன் நிப்பான்." அவள் முறத்தை நீட்டிக் காட்டினாள். "பாருங்க, ஒரே ஏத்துல எப்டி உதுந்திருக்குதுன்னு. லாரி பத்து வாட்டி ஏறினாலும் இப்டி வராது. நாளைக்கு உளுந்து பரப்பலாம்னு இருக்கேன். தம்பிங்க வருவாங்களா?"

எங்கள் பக்கத்தில் கதிரைச் சாலையில் போட்டு வண்டி ஏற்றி உதிர்ப்பது வழக்கம்தான். ஆனால் வண்டியே வராத சாலையில் எவள் போடுவாள்? இங்கேதான் கோதண்டபாணிக்குப் பொறி தட்டியது. இன்றைக்கு வண்டி வரும் என்று அவளுக்கு யார் சொன்னது?

"ஒரு பொண்ணுதாங்க. நேத்து சாயந்தரம் மொபெட்டுல வந்திச்சி. பெரிம்மா, நாளைக்குக் காத்தால ரெண்டு பெரிய வண்டி வரும், கோட்டுக்கு அந்தாண்ட போடுங்க, கல்லு வெக்க மறக்காதீங்கன்னு சொல்லிச்சி."

"எப்டி இருந்தா?"

"மொகத்துல துப்பட்டா. ஆனா பேச்சு மட்டும் ஒரே அதிகாரம். போலீஸ்காரங்க வூட்டுப் பொண்ணு கணக்கா."



மொபெட்... புது மெத்தை... மாதத்துக்கு இரண்டு தடவை கெட்டுப்போகிற ஸ்கூட்டர்... கும்பிட்ட அந்த இரண்டு கைகள். குழந்தையில் அவர் பேனா பிடிக்கச் சொல்லிக்கொடுத்த கைகள். இருபத்தாறு வருடம் கைரேகை பார்த்த மனுஷனுக்குப் பெற்ற மகளின் கை தெரியவில்லை.

செல்போன் மறுபடியும் அலறியது.

"அப்பா... நான் அருணா. திருவாமாத்தூர் கோயில் வட்டப்பாறைகிட்ட நிக்கிறோம். தாலி கட்டியாச்சுப்பா."

அவர் திரும்பி இரண்டு மாப்பிள்ளைகளையும் பார்த்தார்.

"அவங்களுக்கு அடி கிடி பட்டுதாப்பா?"

"இல்ல."

"நல்ல வேளை. பாறை மேல கை வெச்சு சொல்றேன், துணியைப் பார்த்து நிப்பாங்கன்னுதான் நெனச்சோம். மூணு மணி நேரம் பிரேக்கைப் பத்தியே பேசினவங்க, ஒரு வாட்டி பிடிக்க மாட்டாங்களா? அந்த ரெண்டு வண்டியையும் நிறுத்தலைன்னா, விஷயம் தெரிஞ்சதும் அவங்களை விட்டு எங்க மொபெட்டை அஞ்சு நிமிஷத்துல மடக்கியிருப்பீங்க."

வட்டப்பாறையில் கை வைத்துப் பொய் சொன்னவன் உருப்பட்டதில்லை என்பது ஊரறிந்த சங்கதி. கோதண்டபாணி நம்பினார்.

"ஏம்மா இப்டி பண்ணே?"

"பின்சீட்டைப் பத்திக் கேட்டேன்பா. மூணு பேரும் சிரிச்சீங்க. இவர்கிட்ட சொன்னேன், சிரிக்கலை. மறுநாளே மெத்தை தெச்சிக்கினு வந்துட்டாரு."

அவர் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"கோவமா இருந்தா சாயந்தரம் திட்டுங்க, வர்றோம். ஆனா பத்திரமா போங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. அதை ஆசீர்வாதமா எடுத்துக்கிட்டோம்."

போன் அணைந்தது. கோதண்டபாணி தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேப்பைக் குவியலில் உட்கார்ந்தார். கோபம்தான் வரும் என்று எதிர்பார்த்தார். வெட்கம்தான் வந்தது. அப்புறம், அவரே எதிர்பாராமல், ஒரு சிரிப்பும் வந்தது.

எழுந்து நின்ற இரண்டு மாஜி மாப்பிள்ளைகளிடமும் விஷயத்தைச் சொன்னார். பெண் போய்விட்டாள். மெக்கானிக்கோடு. மொபெட்டில்.

உதட்டில் ஒட்டிய கேப்பையை மணிமாறன் துடைத்தான்.

"மொபெட்டு எத்தினி சிசிங்க மாமா?"

"எழுபது."

சுதாகர் யோசனையாகத் தலையைச் சொறிந்தான்.

"டாப் ஸ்பீடு?"

கோதண்டபாணி தொப்பியில் இருந்த கேப்பையைத் தட்டித் தலையில் மாட்டிக்கொண்டார்.

"நாப்பதுதான் போவும் மாப்ள... ஆனா பின்னாடி ஒருத்தர் உக்காரலாம்."