நாலாம் நம்பர் கேமரா

ஏணியின் உச்சிப்படியில், வாயில் நாலு ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டு அவள் நின்றபோது போன் அடித்தது.

கணவன்.

"ம்ம்?" என்றாள் ஸ்க்ரூக்களோடு.

"பதறாதே. சாப்பிட்டியா?"

"ம்ம்."

"நல்லது. என்னைப் போலீஸ் பிடிச்சு வச்சிருக்கு."

நாலு ஸ்க்ரூவும் கீழே விழுந்தன.

பத்தாவது நிமிடம் அவள் ஸ்கூட்டர் வாட்ச் கடை வாசலில் நின்றது. பழகின கடைதான். உள்ளே இருக்கும் நாலு கேமராவும் அவள் மாட்டியது. பின்னறையில், கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு வாட்ச் ரிப்பேர் பார்ப்பவன் அவள் கழுத்தில் தாலி கட்டியவன்.

"வாம்மா கேமராக்காரி," என்றார் இன்ஸ்பெக்டர். ஆபீஸ் அறையில், மேனேஜரின் சுழல்நாற்காலியை மிச்சம் வைக்காமல் நிரப்பியிருந்தார். "ஷோகேஸ்ல ஒரு தங்க வாட்ச். கடையிலேயே பெரிய அயிட்டம். அதை எடுத்துட்டு, அச்சு அசலா ஒரு டூப்பை வச்சிருக்காங்க."

"காலையில கையில எடுத்ததுமே தெரிஞ்சுபோச்சு," என்றாள் முதலாளியம்மா. "வெயிட்டே இல்லை. இருபது வருஷமா வாட்ச் விக்கிறேன், என்கிட்டயேவா?"

"தொழில் தெரிஞ்சவன் பண்ணின வேலை," என்றார் இன்ஸ்பெக்டர். "நேத்து மூணரை மணிக்கு அந்த வாட்சுக்குச் சாவி கொடுத்தது உங்க வீட்டுக்காரர்."

"கொடுத்தேன். உடனே மேனேஜர் கையில திருப்பியும் கொடுத்தேன்," என்றான் கணவன், மூலை ஸ்டூலில் இருந்து.

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "என் கைக்கு வந்ததே டூப்பா இருந்திருக்கும் சார். நான் வியாபாரி. எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் மேனேஜரைப் பார்க்கவில்லை. மேஜை மேல் மானிட்டரைப் பார்த்தாள்.

"ரெண்டாம் நம்பர் கேமரா கவுன்ட்டரைத்தானே பார்க்குது? போட்டுப் பார்த்தீங்களா சார்?"

"பார்த்தோம். நேத்து நாலு மணியிலேர்ந்து நாலரை வரைக்கும் ஒண்ணுமில்லை. சுத்தமா துடைச்சிருக்கு." இன்ஸ்பெக்டர் மூன்று விரல்களை மடக்கினார். "பாஸ்வேர்ட் தெரிஞ்சவங்க மூணே பேர். முதலாளியம்மா. மேனேஜர். அப்புறம்... நீ."

இன்ஸ்பெக்டர் சுழல்நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"புருஷன் எடுத்தான், பொண்டாட்டி துடைச்சா. கேக்கவே நல்லாருக்குல்ல?"

"உங்களுக்கு நல்லாருக்கும் சார். சமைக்கிறது நாங்க ரெண்டு பேரும்தான், எங்க பொண்ணு ராத்திரி யார்கிட்ட சாப்பாடு கேப்பா?"

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை அடக்கிக்கொண்டார். "கேமரா பதிவாகிற ரெக்கார்டரை லேபுக்கு அனுப்பணும். முடிவு வர மூணு மாசம். அதுவரைக்கும் இவர் எங்க விருந்தாளி."

மூன்று மாதம்.

கணவன் பூதக்கண்ணாடியைச் சட்டை நுனியில் தேய்த்துக்கொண்டே இருந்தான். பயந்தால் அப்படித்தான்.

"அஞ்சு நிமிஷம் கொடுங்க சார். உங்க கண்ணு முன்னாடியே."

"எதையும் காப்பி எடுக்க முடியாது," என்று மேனேஜர் முந்திக்கொண்டார். "பென்டிரைவ் குத்துற இடம் போன வாரமே உடைஞ்சுபோச்சு."

"குத்தவே வேண்டாம்."

பையிலிருந்து தீப்பெட்டி அளவு பெட்டியொன்றை எடுத்தாள். ரெக்கார்டரிலிருந்து மானிட்டருக்குப் போகும் வயரைப் பிடுங்கி அதில் செருகினாள். பெட்டியை லேப்டாப்பில் செருகினாள்.

"என்னம்மா இது, நடுவுல தரகர் மாதிரி?"

"தரகரேதான் சார். ரெக்கார்டர் மானிட்டருக்கு அனுப்புற படத்தை இது வாங்கிக்கும். அங்க என்ன தெரியுமோ, அதை லேப்டாப்புல அப்படியே ஃபோட்டோவா பிடிச்சுக்கலாம். உள்ளே இருக்கிற பதிவு மேல ஒரு கீறல் விழாது."

"அழிஞ்சுபோனது வருமா?"

"வராது சார்."

மேனேஜரின் தோள்கள் ஒரு அங்குலம் இறங்கின.

"அப்ப எதைப் பிடிக்கப் போற?"

"அழிச்சவரை."

தோள்கள் திரும்ப ஏறின.

"அழிக்கணும்னா இந்த நாற்காலியிலதான் உக்காரணும். இந்த நாற்காலியைப் பின்னாடி இருக்கிற பெட்டகத்துக்கு மேல இருந்து நாலாம் நம்பர் கேமரா பார்த்துக்கிட்டே இருக்கு. எல்லாரும் கவுன்ட்டரையே தேடினீங்க. இந்த அறையை யாரும் தேடலை."

நேற்று மாலையிலிருந்து படத்தை வேகமாக ஓட்டினாள். காலி நாற்காலி. காலி நாற்காலி. இன்று காலை, ஒன்பது இருபது...

நாற்காலியில் மேனேஜர்.

"அது என் நாற்காலிதானே? தினமும் உக்காருவேன்," என்றார் மேனேஜர். "முதுகு மட்டும்தான் தெரியுது. முதுகை வச்சுக் கேஸ் போடுவீங்களா சார்?"

"நியாயம்தானேம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"முதுகை விடுங்க சார். தோளுக்குப் பக்கத்துல பாருங்க."

பெரிதாக்கினாள்.

மேனேஜரின் தோளைத் தாண்டி, மேஜை மேல், மானிட்டர்! அந்த மானிட்டருக்குள்ளே சின்னதாகக் கடைக் கவுன்ட்டர். நேற்றைய தேதி. நாலு மணி பத்து நிமிடம்.

"அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை போட்டுப் பார்த்திருக்கார் சார். அவர் பார்த்ததையெல்லாம் நாலாம் நம்பரும் பின்னாடி இருந்து பார்த்திருக்கு."

டக். டக். டக். விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு காட்சியையும் ஃபோட்டோவாகப் பிடித்தாள்.

முதல் ஃபோட்டோ. ஒரே தட்டில் ஒரே மாதிரி இரண்டு தங்க வாட்ச்.

இரண்டாவது. மேனேஜர் ஒன்றை ஷோகேஸில் வைக்கிறார்.

மூன்றாவது. இன்னொன்றை ஒரு வாடிக்கையாளரின் கையில் மாட்டிவிடுகிறார். கோடு போட்ட சட்டை. கேமராவுக்கு முதுகு. மலை மாதிரி முதுகு.

இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தார். "அப்படிப் போடு. கூட்டாளி வேறயா? யாருய்யா அந்தத் தடியன்?"

"வேண்டாம் சார்," என்றார் மேனேஜர்.

"சொல்லப் போறியா, ஸ்டேஷன்ல வச்சுக் கேக்கட்டுமா?"

"சார்... நீங்கதான் சார்."

கடையின் அத்தனை கடிகாரங்களும் ஓடுவது கேட்டது.

இன்ஸ்பெக்டர் லேப்டாப்பை நோக்கிக் குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார்.

"இந்தச் சட்டை எங்க வீட்டுக் கொடியில காயுது," என்றார் மெதுவாக.

மேனேஜர் கொட்டிவிட்டார். "நேத்து லீவுல வந்தீங்க. உங்க வாட்ச் செயின்ல ஒரு கண்ணி குறைக்கச் சொன்னீங்க. அதே மாடல். ரெண்டையும் ஒரே தட்டுல வச்சதுல மாத்திக் கொடுத்துட்டேன். காலையில அம்மா சத்தம் போட்டப்புறம்தான் போட்டுப் பார்த்தேன். சொன்னா வேலை போயிடும். அதோட... ஒரு இன்ஸ்பெக்டர்கிட்ட, 'உங்க வாட்ச் டூப்பு'ன்னு எந்த வாயால சார் சொல்றது?"

"அதுக்கு என் புருஷனை உள்ளே அனுப்புவீங்க?" என்றாள் அவள்.

"தப்புதான்மா." மேனேஜர் தரையைப் பார்த்தார்.

"உன்கிட்ட நான் தனியா பேசறேன்," என்றாள் முதலாளியம்மா மேனேஜரிடம். அந்தத் 'தனியா'வில் மேனேஜர் பாதியாகிப் போனார். பிறகு இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். "உங்களுக்குக் கூடவா சார் சந்தேகம் வரலை? அதே மாடல், அதே கடை, அதே நாள்."

"எப்படிம்மா வரும்? என்னோடது ஒரிஜினல்னுதானே எட்டு வருஷமா நம்பிட்டிருக்கேன். பழுதாயிடும்னு டியூட்டிக்குக் கூடப் போட மாட்டேன்."

"அப்ப என் வாட்ச் இப்ப எங்க?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டினார். ஸ்டூலில் இருந்தவனைப் பார்த்து, "நீங்க கிளம்புங்க தம்பி, மன்னிச்சுக்கோங்க," என்றார். கணவன் எழுந்த வேகத்தில் ஸ்டூல் உருண்டது. மனைவி அவன் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

இன்ஸ்பெக்டர் போனை எடுத்து வீட்டு நம்பரைப் போட்டார்.

"எட்டு வருஷம் முன்னாடி, ஒரிஜினல்னு சொல்லி அந்த வாட்சை எனக்கு யாரு கொண்டுவந்து கொடுத்தது? ஆங், அவனேதான். இப்ப நம்ம வீட்டுலதானே இருக்கான்? வெளியே விடாதே. காபி கொடுத்து உக்கார வை... இல்லை இல்லை, கேஸ் முடிஞ்சுது. திருடு போன பொருள் நம்ம பீரோவுல இருக்கு. குற்றவாளி உன் கூடப் பொறந்தவன்."