இரண்டு முறை மின்னிய விளக்கு

சென்காவின் ஒரு பார்வைக்கு விலை பத்தாயிரம் தினார். எட்டு நாளுக்குள் கட்டினால் ஐயாயிரம்... இவ்வளவு அழகான பொருளைப் பாதி விலைக்குத் தள்ளும் கடை செர்பியாவில் போக்குவரத்துப் போலீஸ் ஒன்றுதான்!

அரிலியே சாலையில், ஜூன் மாதத் தூறலில், அவள் கை காட்டி நிறுத்தியபோது ராதோஷ் வண்டி ஓட்டியபடியே போனில் தன் தோட்டத்து ராஸ்பெர்ரிக்கு விலை பேசிக்கொண்டிருந்தான்.

"யார்கிட்ட பேச்சு?"

"குளிர்கிடங்குக்காரன்கிட்டங்க. கிலோவுக்கு இருபது தினார் ஏத்திக் கேட்டேன்."

"ஏத்தினானா?"

"எங்க! நீங்க நிறுத்தினதுல பாதியிலேயே நின்னு போச்சு."

"அந்த நஷ்டத்தையும் சேர்த்து எழுதிக்கோங்க. லைசென்ஸ்!"

தொப்பியின் விளிம்பிலிருந்து ஒரு மழைத்துளி இறங்கி அவள் இமையில் நின்றது. விழுமா, விழாதா... அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐயா... கையெழுத்து என் முகத்துல இல்ல, இங்க போடணும்."

பேரம் பேசாமல் பணம் கட்டினேனா? நானா? வீடு போய்ச் சேரும்வரை ராதோஷுக்குப் புரியவில்லை.

அடுத்த ஒன்பது நாளில் ஏழு முறை வேலையில்லாமல் அந்த வழியே போனான். போனைப் பின்னால் பழக்கூடைக்குள் போட்டிருந்தான்.

"இன்னைக்கு என்ன குத்தம் பண்ணீங்க?"

"ஒண்ணுமில்லீங்க."

"அப்புறம் எதுக்கு நிறுத்துறீங்க? நான் கை காட்டவே இல்லையே!"

சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொள்வாள். எட்டாம் முறை, ஒரு புதன்கிழமை, காபிக்குச் சம்மதித்தாள். "சனிக்கிழமை... வேலை முடிஞ்சப்புறம்."

மிதந்துகொண்டே கிளம்பினான். வளைவு தாண்டியதும் எதிரே ஒரு வெள்ளை வேன். கை தானாகப் போனது... முன்விளக்கை இரண்டு முறை மின்னவிட்டான். முன்னால் போலீஸ் நிற்கிறது என்று எதிரே வருபவனுக்குச் சொல்வது இங்கே வணக்கம் வைப்பது மாதிரி. அப்பா செய்தார், பாதிரியாரும் செய்கிறார். வேன்காரன் கையசைத்துவிட்டுப் பழத்தோட்டச் சந்துக்குள் திரும்பினான்.

அந்தச் சந்தில் பால்காரி ஸ்தமேனா சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள்.

மறுநாள்தான் செய்தி வந்தது. வேன்காரன் ரத்தத்தில் போதை மருந்து. வேன் மோதி ஸ்தமேனாவின் கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

சொன்னால் சென்கா இனித் திரும்பிப் பார்க்க மாட்டாள். சொல்லாவிட்டால், அவள் பார்க்கும்போதெல்லாம் ராதோஷ் தரையைப் பார்க்க வேண்டும். வேண்டுமென்றா செய்தேன்? இல்லை. செய்யவில்லையா? செய்தேன்...

வெள்ளிக்கிழமை, குளிர்கிடங்கு முற்றத்தில் பழத்தை எடை போட வரிசையில் நின்றவர்களிடம் சென்கா ஒரு தடித்த கண்ணாடியோடு வந்தாள். மாட்டினால், போதையில் இருப்பவனுக்கு உலகம் எப்படித் தெரியும் என்று பார்க்கலாம். தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு.

"ராதோஷ் நடக்கட்டும்! அவன்தான் கணக்குல புலி!" கூட்டம் அவனை முன்னே தள்ளிவிட்டது.

மாட்டினான். கோடு நெளிந்தது. எதிரே இரண்டு சென்காக்கள்...

"அந்த வேனுக்கு யாரோ விளக்கு அடிச்சிருக்காங்க, வேன்காரனே சொன்னான்," என்றாள் அவள் கூட்டத்திடம். "யாருன்னு நான் கேக்கல. ஸ்தமேனா கேக்குறா."

"நான்தான்."

எந்தச் சென்காவிடம் சொல்வதென்று தெரியாமல், நடுவில் இருந்த காற்றிடம் சொன்னான். "பழக்கத்துல அடிச்சுட்டேன். உங்ககூட காபி குடிக்கப் போற சந்தோஷத்துல, எதிர்ல வர்றவனுக்கெல்லாம் நல்லது செய்யணும்னு தோணுச்சு..."

யாரோ இருமினார்கள். சென்கா வந்து கண்ணாடியைக் கழற்றினாள். இப்போது ஒரே சென்கா. கண் கலங்கியிருந்தது. கோபமா, வேறு ஏதாவதா... அவளுக்கே தெரியவில்லை போலிருந்தது.

"இத்தனை பேர் முன்னாடி ஏன் சொன்னீங்க?"

"தனியா சொல்லியிருந்தா உங்ககிட்ட பேரம் பேசியிருப்பேன்." மூச்சை இழுத்துக்கொண்டான். "இன்னொண்ணும் சொல்லணும் சென்கா. நான் உங்கள..."

"நிறுத்துங்க! ஒரு நாளைக்கு ஒரு வாக்குமூலம் போதும்." அவள் கண்ணாடியை உறைக்குள் திணித்தாள். "நாளைக்குக் காபி கிடையாது. நாலு மணிக்கு ஆஸ்பத்திரி. மொதல்ல ஸ்தமேனாகிட்ட பேசுங்க. நானும் வரேன்... வாசல் வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் நானும் ஒண்ணு சொல்லணும். அத எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. போங்க!"

விளக்கு அடித்த அபராதம், அன்றே கட்டியாயிற்று. ஸ்தமேனா எழுந்து நடக்க ஆறு வாரம். அதுவரை வீடு வீடாகப் பால் கொண்டுபோக ராதோஷ் பொறுப்பு. சொல்ல வேண்டிய வார்த்தை, ஆளுக்கு ஒன்று... இரண்டும் பாக்கி.