பாதித் தகடு

கடல் கடந்து நடந்த போரிலிருந்து சிப்பாய் வீடு திரும்பி நாலு நாள்தான் ஆகியிருந்தது. அன்று மாலை தேநீரை வாயில் வைத்ததும் தகரம் ருசித்தது; மனைவியிடம் சொன்னான்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. பட்டாளத்துக் குவளையில குடிச்சுப் பழகின நாக்கு, அப்படித்தான் இருக்கும்," என்று அவள் சிரித்தாள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மழைக்குச் சாத்திய ஜன்னலுக்கு வெளியே யாரோ தகரத்தைக் கடிக்கிற சத்தம், விட்டு விட்டு, அவசரமே இல்லாமல், திரும்பி வந்த கப்பலில் பதினேழு நாளும் அவன் படுக்கைக்குக் கீழே கேட்ட அதே சத்தம், கூடவே உப்புத் தண்ணீரில் ஊறிய சீருடையின் வீச்சம்.

செத்தவன் கழுத்தில் தொங்கும், பேரும் எண்ணும் பொறித்த தகட்டை இரண்டாக ஒடிப்பது அவர்கள் படையின் வழக்கம். ஒரு பாதி அதிகாரிக்கு, மறுபாதி பிணத்தின் பற்களுக்கு நடுவே. படை பின்வாங்கிய அன்று, கப்பலுக்குப் போகும் கடைசிப் படகில் ஒரே இடம்தான் மிச்சம். அடிபட்டவனுக்குத்தான் முதல் உரிமை. வயிற்றில் குண்டு பட்டுக் கிடந்தவனை எல்லாரும் ரேடியோ என்பார்கள், அப்படி ஓயாமல் பேசுவான். வீட்டுக்குப் போயே தீரவேண்டும் என்ற வெறியில் சிப்பாய் அவன் தகட்டை ஒடித்துப் பல்லுக்குள் திணித்தான். "ரேடியோ போயிட்டான்" என்று சொல்லிவிட்டுப் படகேறினான். திணிக்கும்போது ரேடியோ கண் சிமிட்டினான். பாவி, அதைப் பார்த்துக்கொண்டேதான் திணித்தான்.

கதவு தட்டப்பட்டது. மனைவி போய்த் திறந்தாள்.

"என்னங்க, சீருடையில ஒருத்தர் வந்திருக்காரு. பேரைக் கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறாரு."

"உள்ள விடாதே!"

"நனைஞ்சு நிக்கிறாரே பாவம். உள்ள வரச் சொல்லிட்டேன்."

வீச்சம் முதலில் நுழைந்தது. பிறகு ஈரக் காலடி. இன்னொன்று.

கத்த வாயெடுத்தான். பற்களுக்கு நடுவே ஏதோ தட்டையாக. சில்லென்று. தகடு. தாடை இறுகியது. கால் மரத்துப் போயிற்று. கை போயிற்று. விழுந்தான்.

மனைவி ஓடிவந்து உலுக்கினாள். மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். மூச்சில்லை. அவன் மார்பில் முகம் புதைத்து அலறினாள்.

'நான் சாகலை' என்று சொல்லப் பார்த்தான். சத்தம் வரவில்லை. கண்ணை மட்டும் சிமிட்டினான்.

ரேடியோ குனிந்தான். தன் வாயைத் திறந்தான். உள்ளே தகடு இல்லை.

"போயிட்டாம்மா," என்றான்.

சிமிட்டுவதைப் பார்த்துக்கொண்டே சிப்பாயின் இமைகளை இழுத்து மூடினான். பிறகு சிப்பாயின் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் மனைவிக்கு ஆறுதலாக, ஓயாமல் பேச ஆரம்பித்தான்.