மிதவை மேலே நிற்கிறது!

"ஐயோ... மேனேஜரய்யா பூட்டாரு!"

இருசம்மாளின் அலறல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது.

இளவரசன் ஓடினான். கையில் பாதி கடித்த வடை. அதைக் கீழே போடவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

கள்ளக்குறிச்சிக்கு வெளியே, கச்சிராயபாளையம் சாலையில் இருந்தது அந்தச் சின்னத் தொழிற்சாலை. சோடா கம்பெனிகளுக்குச் சிலிண்டரில் கார்பானிக் கேஸ் நிரப்பித் தருவது தொழில். இருசம்மாள் அங்கே பெருக்குகிறவள். இளவரசன் சென்னையிலிருந்து புது மீட்டர் மாட்ட வந்தவன்.

வந்தவன் மாட்டிக்கொண்டான்!

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். வழியெங்கும் புளியமரங்கள் சாய்ந்து கிடந்தன. பஸ் இல்லை. தந்தி இல்லை. கல்வராயன் மலையைப் பார்த்தபடி தினம் நாலு வடை தின்பதைத் தவிர அவனுக்கு வேறு வேலை இல்லை.

இப்போது வந்துவிட்டது வேலை.

ஃபில்லிங் ரூம் ஜன்னலில் முகம் பதித்தான். தூசுக் கண்ணாடிக்கு அப்பால், தரையில் பாய். பாயில் மேனேஜர் ஆதிமூலம். மல்லாந்து... வாய் பிளந்து... ஒரு கை சிலிண்டர் மேல் விழுந்து...

அசைவில்லை!

மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர் அங்கேதான் படுப்பார். கம்பெனியிலேயே குளுகுளுவென்று இருக்கும் அறை அது.

"அங்க பாருங்க! மீட்டரப் பாருங்க!" மூச்சிரைக்க வந்து நின்றார் ஸ்டோர் கீப்பர் காசிநாதன்.

இளவரசன் பார்த்தான்.

எதிர்ச் சுவரில் அவன் மாட்டிய மீட்டர். நெட்டுக்குத்தாக ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் சிவப்பாக ஒரு மிதவை. கேஸ் போனால் மிதவை எழும்பும். எவ்வளவு கேஸோ அவ்வளவு உயரம். குழாயின் அடிப்பாதியைச் சிலிண்டர் வரிசை மறைத்தது. மேல்பாதியில்...

உச்சியில் நின்றது சிவப்பு!

முழு வேகத்தில் கேஸ்! மீட்டருக்கு அந்தப் பக்கம், சிலிண்டரில் மாட்டும் ஹோஸ் கழன்று தரையில் கிடந்தது. கார்பானிக் கேஸ் காற்றைவிடக் கனம். தரையில்தான் தேங்கும். படுத்திருப்பவன்தான் முதலில் சாவான்.

"கதவத் தொறக்காதீங்க! உள்ள போறவங்களும் விழுந்துடுவாங்க!" என்றான்.

"நான் பாத்ததுமே ஓடிப்போயி வெளிய இருக்கற மெயின் வால்வ மூடிட்டேன் தம்பி," என்றார் காசிநாதன். "மூடியும் மிதவை எறங்கல. உன் புது மீட்டர் பூட்ட கேஸு. பழைய மீட்டரு இருந்த வரைக்கும் இங்க ஒரு எலிகூட செத்ததில்ல!"

அந்த நேரம் பார்த்துத்தானா கேட்டுக்குள் நுழைய வேண்டும் சப்-இன்ஸ்பெக்டர்?

கொளஞ்சியப்பன். சட்டை முழுக்க வியர்வை. தோளில்... சைக்கிள்!

"இன்னா கூச்சல்? ஒரு சொம்பு தண்ணி கேக்கலாம்னு வந்தேன். ஜீப்பு எங்கயோ நிக்குது. மரத்துக்கு மரம் இத தூக்கிக்கினு வரேன். சைக்கிள் என்ன ஓட்டுது, நான் அத சொமக்கறேன்!"

ஜன்னலில் எட்டிப் பார்த்தார். முகம் மாறியது. கதவுப் பக்கம் திரும்பினார்.

"வெளியில தாழ்ப்பாள் போட்டு கீது. படுத்திருந்தவரு எழுந்து வந்து வெளிய தாழ் போட்டுட்டு, திரும்ப உள்ள போயி படுத்து செத்தாரா?"

யாரும் சிரிக்கவில்லை.

"இந்த மீட்டர மாட்டினது யாரு?"

காசிநாதனின் விரல் இளவரசனை நோக்கி நீண்டது. "காலையிலதான் சார் ரெண்டு பேருக்கும் சண்டை! கேஸ் விட்டுப் பாத்துடலாம்னு இவரு. பூஜை மட்டும் போடு, வெள்ளிக்கிழமதான் தொறக்கணும்னு மேனேஜரு. ஒரே கத்தல்!"

"அப்படியா? பேரு?"

"இளவரசன். சொந்த ஊரு திருநாவலூர்."

"கல்யாணம்?"

"ஆச்சு சார். முடிஞ்சும் போச்சு."

"இன்னா அர்த்தம்?"

"மணிமொழி போன வருஷம் எறந்துட்டா."

எஸ்.ஐ. பெல்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "சரி, கெளம்பு. ஸ்டேஷனுக்கு நடக்கணும். வழியில மரம் வந்தா சைக்கிள நீ தூக்கு."

கொலைப்பழி! தூக்குமேடை! இளவரசனுக்குப் பயம் வரவேண்டும். வரவில்லை. ஒரு வருஷமாக அவனுக்கு எதுவும் வருவதில்லை. பஸ்கூட வருவதில்லை.

கடைசியாக ஒருமுறை ஜன்னலைப் பார்த்தான். தான் மாட்டிய மீட்டரைத் தானே முறைத்தான்.

சிவப்பு உச்சியில் நின்றது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது...

அதுதான் உறுத்தியது!

கேஸ் ஓடும்போது மிதவை சும்மா நிற்காது. நடுங்கும். சுழலும். இதுவோ ஒட்டவைத்தது போல...

"அம்மா!" இருசம்மாளிடம் திரும்பினான். "காலையில பூஜைக்கு மீட்டருக்குப் பொட்டு வச்சது யாரு?"

"நான்தான் தம்பி. அடியில பித்தளைக்கு சந்தனம் பூசினேன். கண்ணாடிக்கு குங்குமம் வச்சேன்."

"கண்ணாடியில எந்த எடத்துல?"

"இதென்னா கேள்வி? நெத்தியிலதான் வைப்பாங்க. மேல, உச்சியில."

இளவரசன் நெற்றியில் அடித்துக்கொண்டான். பத்து நிமிஷமாக ஒரு மனிதன் உள்ளே கிடக்கிறான். படித்தவன், சர்டிபிகேட் வாங்கியவன், குங்குமத்தைப் பார்த்துவிட்டுக் கேஸ் என்று நம்பிக்கொண்டிருந்தான்!

"பூஜை சூடம் மிச்சம் கீதா?"

"கீது."

தட்டில் சூடத்தைக் கொளுத்தினான். கதவை நோக்கி நடந்தான்.

"டேய்! பொட்டுக்குப் பின்னாடி நெஜமாவே மிதவை இருந்தா?" எஸ்.ஐ. கத்தினார். "செத்துருவடா!"

"அழ ஆள் இல்ல சார். நான் செத்தா உங்க சைக்கிள நீங்களே தூக்கணும், அவ்வளவுதான்."

தாழ்ப்பாளை இழுத்தான். மூச்சை அடக்கினான். மணிமொழி போன பிறகு முதல்முறையாக அவன் நெஞ்சு திம்திம்மென்று அடித்தது. அட, சாகப் பயமாகத்தான் இருக்கிறது! அவனுக்கே ஆச்சரியம்.

எரியும் தட்டைத் தரையோடு தரையாக உள்ளே தள்ளினான்.

கேஸ் இருந்தால் சுடர் அந்த நொடியே செத்துவிடும்.

தட்டு சறுக்கிக்கொண்டே போனது... பாயைத் தொட்டு நின்றது...

சுடர் நிமிர்ந்து எரிந்தது!

பாய்ந்தான். ஆதிமூலத்தின் மூக்கருகே விரலை வைத்தான். வெதுவெதுவென்று காற்று! உலுக்கினான். 'கொர்ர்ர்...' என்றது பிணம்.

"குறட்டை சார்! உசுரு கீது!"

இருசம்மாள் ஓவென்று அழுதாள். செத்தார் என்றபோது அழாதவள்.

மேனேஜரை வெளியே தூக்கிவந்து போட்டார்கள். எவ்வளவு உலுக்கியும் கண் திறக்கவில்லை. உள்ளே பாய்க்குப் பக்கத்தில் காலி மோர் டம்ளர். அடியில் வெள்ளையாக ஏதோ பொடி.

எஸ்.ஐ. முகர்ந்து பார்த்தார். "மோருல மாத்திரை. வெளியில தாழ்ப்பாள். எவனோ பிளான் போட்டிருக்கான். ஆனா கேஸ் வரலயே?"

இளவரசனும் அதைத்தான் யோசித்தான். தாழ்ப்பாள் போட்டவன் வால்வைத் திறக்காமலா போயிருப்பான்? திறந்தால் கேஸ் வந்திருக்க வேண்டும். மீட்டரை மாட்டியது அவன். சரியாகத்தான் மாட்டினான். புரியவில்லை.

புரியாவிட்டால் என்ன? ஒரு பொய்யைப் போட்டுப் பார்ப்போம், வால்வைத் திறந்தவன் வாயையும் திறக்கிறானா என்று!

"என் தப்புதான் சார்," என்றான் தலையைக் குனிந்துகொண்டு. "மீட்டருக்கு அடியில கன்ட்ரோலர்னு ஒரு பித்தளைக் கட்டை. கேஸுக்கு அது ஒருவழிப் பாதை. அதுல அம்புக்குறி போட்டிருக்கும். நான் பின்பக்கம் முன்பக்கமா மாட்டிட்டேன். அந்த வழியா ஒரு மூச்சுக் காத்துகூடப் போவாது."

எஸ்.ஐ. கைகொட்டிச் சிரித்தார். "உன் தப்பு ஒரு உசுர காப்பாத்திடுச்சு! இந்த மீட்டர எவனும் கழட்டக் கூடாது. இங்கயேதான் இருக்கணும்!"

"பொய்!"

கத்தியது காசிநாதன். முகமெல்லாம் ரத்தச் சிவப்பு.

"இவனுக்கு ஒழுங்கா மாட்டத் தெரியலன்னு இவனே சொல்றான், நீங்க மாலை போடறீங்களா? கேஸ் போச்சு சார்! நான் தொறந்துட்டு வந்து ஜன்னல்ல பாத்தேன், செவப்பு உச்சியில நின்னுச்சு! ஆளக் கொல்ற மீட்டரு, தூக்கி வெளிய போடுங்க..."

பாதியில் நின்றார்.

தகரக் கூரையில் ஒரு காக்கை நடக்கும் சத்தம் கேட்டது.

"தொறந்துட்டு வந்தியா?" எஸ்.ஐ.யின் குரல் தேன் மாதிரி இருந்தது. "மூடிட்டேன்னு இல்ல சொன்ன?"

"மூடினேன்னு சொல்ல வந்தேன்... வாய் தவறி..."

"நீயும் குங்குமத்தப் பாத்துட்டுத்தான் கேஸு போவுதுன்னு நிம்மதியா போனியா?"

காசிநாதன் ஓடினார். கேட் பக்கம் சாத்தியிருந்த போலீஸ் சைக்கிளிலேயே ஏறி மிதித்தார். சாலையில் முதல் புளியமரம் வரைதான். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மரத்தைத் தாண்ட அவருக்குப் பழக்கமில்லை. எஸ்.ஐ.க்கு இருந்தது.

சாக்குமூட்டைக் கயிற்றால் கட்டி இழுத்துவந்தார்.

"சொல்லு. எதுக்கு?"

"பழைய மீட்டர் கம்மியா ஓடும் சார்... நான்தான் அப்படி வச்சேன். மிச்ச கேஸு எலவனாசூர்கோட்டையில மச்சான் சோடா கம்பெனிக்கு. புது மீட்டர் வந்தா குட்டு ஒடஞ்சிடும். மேனேஜரு செத்து, பழி மீட்டர் மேல விழுந்தா, பழசையே திரும்ப மாட்டிடுவாங்கன்னு..."

"ஒரு சோடாவுக்கா?"

"கலர் சோடாவும் உண்டு சார்."

எஸ்.ஐ. இளவரசன் தோளைத் தட்டினார். "நல்லா பொய் சொல்ற தம்பி. போலீசுக்கு வந்துடேன்."

இளவரசன் ரொம்ப நாள் கழித்துச் சிரித்தான்.

இருசம்மாள்தான் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தபடி கேட்டாள்: "ஆமா தம்பி... அந்தாளு நெஜமாவே தொறந்தான்னா, கேஸு ஏன் வரல?"

சிரிப்பு நின்றது.

மெல்ல உள்ளே போனான். மீட்டரின் அடியில் பித்தளைக் கட்டை. அதன் மேல் அப்பியிருந்த சந்தனத்தைக் கட்டைவிரலால் துடைத்தான்.

அம்புக்குறி தெரிந்தது.

பின்பக்கம் முன்பக்கமாக!

அவன் சொன்னது பொய்யே இல்லை! மணிமொழி நினைப்பில் கை மட்டும் வேலை செய்து தலை வேலை செய்யாத ஒரு நாளில் மாட்டியது. கேஸ் விட்டுப் பார்த்திருந்தால் காலையிலேயே தெரிந்திருக்கும். திருத்தியிருப்பான். ஆதிமூலம் இந்நேரம் நிஜமாகவே...

"எவன்டா இத மாட்டினது?"

பின்னால் கரகரத்த குரல். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார் ஆதிமூலம். கண்கள் அரைத் தூக்கத்தில். நடந்ததையெல்லாம் இருசம்மாள் அதற்குள் ஒப்பித்திருந்தாள்.

"நான்தான் சார்."

"மறியல் முடிஞ்சதும் உன் கம்பெனிக்குத் தந்தி அடிச்சு ஒன்ன வேலையவுட்டுத் தூக்கச் சொல்லணும்."

"அடிங்க சார்."

"அடிக்கறதுக்கு நான் உசுரோட கீறனே, அதான்டா இடிக்குது."

இளவரசன் ஸ்பேனரை எடுத்தான். தொண்டையைச் செருமினான்.

"இப்பவே சரியா திருப்பி மாட்டிடவா சார்?"

ஆதிமூலம் அவசரமாகப் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கினார்.

"இரு இரு... மொதல்ல நான் வூடு போயி சேந்துடறேன்!"